வினாக்கொத்தில் அடங்காத லயம்: மலையகமும் சமூக விஞ்ஞானப் பட்டப்படிப்பும்

“உங்கள் மாத வருமானம் எவ்வளவு?” என் ஆய்வேட்டுக்காக நான் எழுதிய வினாக்கொத்தில் இது 7ஆவது கேள்வி. எதிரே நான்கு பெட்டிகள்; ஒன்றில் புள்ளடி போட வேண்டும். ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டம். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஓர் அம்மா, இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து மடித்தபடி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்டார். பெட்டிப் பக்கம் அவர் போகவே இல்லை. “அத எப்புடி தம்பி சொல்றது? எத்தன பேர் விழுதோ அத வச்சித்தானே சம்பளம். போன மாசம் ஒரே மழ. பதினாறு பேருதான் விழுந்திச்சி. அதுலயும் மூணு அரப்பேரு. சீட்டுல இருந்தத கேக்குறீங்களா, கழிவெல்லாம் போயி கைக்கு வந்தத கேக்குறீங்களா?”

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் வரவுப் பதிவேடான செக்ரோலில் பதியப்படும் ஒரு நாள் வேலை. நிர்ணயித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மாத முடிவில் ஊழியர் சேமலாப நிதி, சங்கத்துச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத்தூள், கோயில் என்று கழிவுகள் போகும். இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அதே மாதிரி ஒரு தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான். தெரிந்திருந்தும் வினாக்கொத்தில் அதை எழுதவில்லை. வகுப்பில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து, மாதச் சம்பளக்காரர்களுக்காக எழுதப்பட்ட கேள்வியைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

அன்றைக்கே இன்னொரு கேள்வியும் உடைந்தது. ‘குடும்பம்’ என்றால் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் என்று பாடத்தில் படித்திருந்தோம். அந்த அம்மாவின் லயத்து அறையான காம்பராவில் ஓர் அடுப்பு; இஸ்தோப்பை அடைத்துத் தகரம் வைத்துக் குடியிருந்த மூத்த மகனுக்கு இன்னோர் அடுப்பு. அரிசி ஒன்றாக வாங்குகிறார்கள், குழம்பு தனித்தனி. பேரப்பிள்ளை இரண்டு அடுப்பிலும் சாப்பிடுகிறது. இது ஒரு குடும்பமா, இரண்டா? வீட்டுரிமைப் பட்டியலில் ஒன்று. அவர்களைக் கேட்டால் இரண்டு.

சமூக விஞ்ஞானத்தில் இளமாணிப் பட்டம் பெற என்னென்ன நிபந்தனைகள், அவை மலையகத்துப் பிள்ளையிடம் எந்த உருவத்தில் வந்து சேர்கின்றன, இந்த இரண்டு கேள்விகளும் ஏன் உடைந்தன என்று புரிந்துகொள்ளும் பக்குவத்தைத் தருகின்றனவா என்பதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறேன்.

பல்கலைக்கழக வாசலுக்கு முன்னால் பள்ளிக்கூட வாசல் இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகிகளான துரைமாரிடம் கொடுத்தது. 10 வயதோடு படிப்பு முடிந்துவிடும் என்ற கணக்கு அந்தச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல்தான். 1980களில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர்களும் வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனி உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. பேராதனையில் சமூகவியல் கற்பிக்கத் தொடங்கி ஒரு தலைமுறை கடந்த பிறகே, தோட்டத்துப் பிள்ளை அங்கே போகக்கூடிய பாதையில் முதல் படியே போடப்பட்டது. இந்த இடைவெளியை மறந்துவிட்டு இன்றைய சேர்க்கைக் கணக்கைப் பேசுவது சரியல்ல.

இன்று நிபந்தனைகள் எல்லோருக்கும் ஒன்றுதான். க.பொ.த. உயர்தரத்தில் ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் சித்தி, பொதுச் சாதாரண பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, மூன்று தடவைக்குள் தகுதி, அதற்கு மேலே இசட் புள்ளி. ஆனால் இந்தப் பந்தயத்தில் ஓடுகிறவர்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. எல்லாத் துறைகளிலும் உயர்தர வகுப்பு நடத்துபவை 1ஏபி பாடசாலைகள். 1சி பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும் மட்டும்தான். தோட்டத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஓர் உயர்தரப் பாடசாலை இருந்தால் அது பெரும்பாலும் 1சி ஆகத்தான் இருக்கும். ஹட்டன் நகரத்துக் கல்லூரிக்குப் போக பஸ் காசும் விடிகாலைப் பயணமும் வேண்டும். அதனால் மலையகத்துப் பிள்ளை கலைப்பிரிவைத் ‘தெரிவு செய்தது’ என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அங்கே இருந்தது அது ஒன்றுதான்.

கலைப்பிரிவுக்குள்ளும் ஒரு கவனிக்க வேண்டிய சங்கதி இருக்கிறது. உயர்தரத்தில் சமூகவியல் என்று ஒரு பாடம் இல்லை. உளவியல் இல்லை. மானிடவியலும் இல்லை. அரசியல் விஞ்ஞானம், புவியியல், பொருளியல், வரலாறு, ஊடகக் கற்கை, அளவையியல் எல்லாம் உண்டு. தோட்டப்புறப் பாடசாலையில் அவற்றில் எதற்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுதான் பாடம். தமிழ், இந்து நாகரிகம், அவற்றோடு அரசியல் அல்லது புவியியல் என்ற சேர்க்கையை எத்தனையோ பிள்ளைகளின் பெறுபேற்றுத் தாளில் பார்த்திருக்கிறேன். அளவையியலும் விஞ்ஞானமுறையும் என்ற பாடம் இருந்தால் கருதுகோள், சோதனை, பொதுமையாக்கம் என்ற சொற்களாவது காதில் விழும். புவியியல் படித்தவருக்குக் கொஞ்சம் வரைபடமும் சராசரியும் தெரியும். மற்றவர்கள் கணிதத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவிட்டுத்தான் சமூகவியல் வகுப்புக்குள் நுழைகிறார்கள்.

அடுத்தது இட ஒதுக்கீடு. மருத்துவம், பொறியியல், முகாமைத்துவம் போன்ற பெரும்பாலான கற்கைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. அந்த 16இல் நுவரெலியாவும் ஒன்று. கலைப்பிரிவுக்கு அடிப்படை அகில இலங்கைத் திறமை வரிசைதான். ஆசிரியரே இல்லாத பாடத்தைத் தானாகப் படித்த பிள்ளை, மாவட்டச் சலுகை எதுவும் இல்லாமல் கொழும்புப் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்கிறது. சலுகை உள்ள துறைகளிலும் அது மாவட்டத்துக்குத்தான். நுவரெலியா மாவட்டத்தில் நகரத்துக் கல்லூரியும் இருக்கிறது, மலை உச்சியில் உள்ள தோட்டப் பிரிவின், அதாவது டிவிசன், பாடசாலையும் இருக்கிறது. இரண்டும் ஒரே பட்டியல். அந்த மாவட்டத்தின் மக்களில் பாதிக்கும் மேல் மலையகத் தமிழர்கள் என்பதை 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு காட்டியது. அந்தப் பாதி எத்தனை இடங்களைப் பெறுகிறது என்பதை மாவட்டக் கணக்கு காட்டாது.

இனி உள்ளே போவோம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 திறமைப்புள்ளி, நான்கு வருடக் கௌரவப் பட்டத்துக்கு 120. கம்பஸ் வாய்ப்பேச்சில் இவற்றை யாரும் திறமைப்புள்ளி என்று சொல்வதில்லை, ‘கிரெடிட்’தான். முதல் வருடத்தில் வழக்கமாக மூன்று பாடங்கள், கூடவே கட்டாய ஆங்கிலமும் கணினியும். முதல் வருடப் பெறுபேற்றைப் பார்த்துச் சிறப்புக் கற்கைக்குத் தெரிவு செய்வார்கள். விரிவுரைகளுக்கு 80 வீத வரவு வேண்டும் என்பது பொதுவான விதி. பட்டம் பெற 2.00 சராசரி வேண்டும். முதல் வகுப்புக்கு 3.70. கௌரவப் பட்டத்தில் சுயமாக ஓர் ஆய்வேடு எழுத வேண்டும்.

ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேரக் கற்றல். அதில் விரிவுரை ஏறத்தாழ 15 மணி நேரம்தான்; மிச்சம் 35 மணி நேரமும் மாணவர் தானே படிக்க வேண்டியது. நான் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மலையகத்துப் பிள்ளை விழுவது இந்த 35 மணி நேரத்தில்தான். எதைப் படிப்பது? 1960களின் தொடக்கத்திலேயே கலைப்பீடங்களில் சிங்களமும் தமிழும் போதனாமொழிகள் ஆகிவிட்டன. விரிவுரை தமிழில் வந்தது, ஆனால் வாசிப்புப் பட்டியலில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. அதனால் தமிழ்மொழி மூல மாணவருக்குப் பல பாடங்களில் விரிவுரைக் குறிப்பே நூல், மூத்த மாணவரின் குறிப்பே உரை. என் முதல் வருடக் கொப்பியின் ஓரங்களில் பென்சிலால் சொற்களை எழுதி வைத்திருந்தேன்: மாறி, மாதிரி எடுத்தல், நம்பகம், வலிது. ஒவ்வொன்றுக்கும் நேரே ஆங்கிலச் சொல், அதற்கு நேரே ஒரு கேள்விக்குறி. ‘மாதிரி’ என்றால் தோட்டத்துப் பேச்சில் ‘போல’ என்று அர்த்தம். தொகையிலிருந்து எடுக்கும் ஒரு பங்கு என்று அதை மனதில் பதிய வைக்க ஒரு தவணை முழுக்கப் போனது.

இலங்கையில் சமூகவியலைத் தொடக்கி வைத்தவர் அமெரிக்கரான பிரைஸ் ரையன். 1940களின் முடிவில் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்; 1953இல் சாதி பற்றிய அவர் நூல் வெளியானது. அது ஆராய்ந்தது சிங்களச் சமூகத்தின் சாதி முறையை என்று அதன் துணைத்தலைப்பே சொல்கிறது. பின்னர் யாழ்ப்பாணத்தவரான ஸ்டான்லி தம்பையா அங்கே கற்பித்தார், கணநாத் ஒபேசேகர பேராதனையில் கற்பித்தார். இருவரும் உலகப் புகழ் பெற்ற மானிடவியலாளர்கள் ஆனார்கள். பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அதன் வளாகத்திலிருந்து சிறிது தூரம் போனாலே தேயிலை மலைகள் தொடங்கிவிடும். ஆனாலும் அந்த முதல் தலைமுறையின் பெரிய நூல்களில் தோட்டத்துக்கு இடமில்லை.

தோட்டத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தார்கள். மூன்று தேயிலைத் தோட்டங்களின் சமூக அமைப்பை ஆர். ஜெயராமன் 1975இல் நூலாக்கினார். நோர்வேயைச் சேர்ந்த ஒட்வார் ஹொல்லுப் 1994இல் தோட்டத் தொழிலாளரின் சாதியையும் அடையாளத்தையும் எழுதினார். இங்கே பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான வாலன்டைன் டேனியலின் நூல் 1996இல் வந்தது. மலையகக் கல்வி வரலாற்றை ஏஞ்சலா லிட்டில் 1999இல் எழுதினார். தோட்டப் பெண்களின் வாழ்வைப் பற்றி மைத்ரி ஜெகதீசன் 2019இல் எழுதினார். மதிக்கத்தக்க உழைப்பு அத்தனையும். எல்லாம் ஆங்கிலத்தில். லயத்தைப் பற்றி உலகம் என்ன அறிந்திருக்கிறது என்பதை லயத்திலிருந்து வந்த மாணவரே படிக்க முடியாத நிலை இது. ஆய்வு முறையியல் வகுப்பில் ஒரு கிரெடிட்டாவது இந்த நூல்களின் முக்கிய அத்தியாயங்களைத் தமிழில் படித்து விவாதிக்க ஒதுக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பதையே மாணவர்களின் மதிப்பீட்டு வேலையாகக் கொடுத்தால் நான்கு வருடத்தில் ஒரு தொகுப்பு நூல் கையில் இருக்கும்.

உள்ளிருந்து எழுதியவர்களும் இருக்கிறார்கள். பேராதனையில் பொருளியல் பேராசிரியராக இருந்த மு. சின்னத்தம்பி, கொழும்பில் கல்வியியல் கற்பித்த சோ. சந்திரசேகரன், திறந்த பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். சந்திரபோஸ் ஆகியோர் மலையகத்தைப் புலமைத் தளத்தில் தமிழிலும் பேச வைத்தவர்கள். இவர்களுக்கும் முன்னால் வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாக நடந்து நாட்டார் பாடல்களைச் சேகரித்தார். சாரல்நாடன் வாய்மொழி இலக்கியத்தைத் தேடித் தொகுத்தார். எந்தச் சமூகவியல் துறையும் இவர்களை அனுப்பி வைக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது களஆய்வுதான். கேட்டார்கள், எழுதினார்கள், யார் எந்தத் தோட்டத்தில் சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டார்கள். முறையியல் பாடத்தின் முதல் வாரத்தில் இவர்களின் பெயர் ஏன் வருவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

மூன்று வருடமா, நான்கு வருடமா என்ற கேள்வியைப் பல்கலைக்கழகம் பெறுபேறு பார்த்துத் தீர்மானிக்கிறது. வீடு சம்பளச் சீட்டைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாவாக இருந்து, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. மாதம் முழுவதற்குமான புலமைப்பரிசில் ஆறு பேருக்கும் குறைவு. விடுதி, சாப்பாடு, போட்டோக்கொப்பி, ஹட்டனுக்கு ரயில் காசு எல்லாம் அதற்குள். படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. அந்த இலவசக் கல்விதான் என்னைப் போன்றவர்களைக் கைதூக்கி விட்டது. ஆனால் நான்காவது வருடம் என்பது வீட்டுக்கு இன்னொரு வருடச் செலவு. தங்கையின் படிப்பு, அப்பாவின் முதுகுவலி எல்லாவற்றையும் அந்த ஒரு வருடம் தள்ளிப்போடும். எனக்குத் தெரிந்த திறமையான பிள்ளைகள் சிலர் சிறப்புக் கற்கைக்குத் தெரிவாகியும் மூன்று வருடத்தோடு வெளியே வந்து ஆசிரியர் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் எடுத்த முடிவு சரியே. ஆனால் அங்கே ஒன்று நழுவிப்போகிறது: ஆய்வேடு நான்காவது வருடத்தில்தான் இருக்கிறது. தானே ஒரு கேள்வியை உருவாக்கி, களத்துக்குப் போய், அந்தக் கேள்வி உடைவதைக் காணும் அனுபவம் பொதுப் பட்டதாரிக்குக் கிடைக்காமலே போகிறது. பொதுப் பட்டத்தின் மூன்றாம் வருடத்திலும் ஒரு சிறிய களஆய்வைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். 4,000 சொல்லில் ஓர் அறிக்கை போதும்.

வேறு வழிகளும் உண்டு. யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களில் தமிழ்மொழி மூலம் சமூக விஞ்ஞானம் படிக்கலாம். மலையகத்துப் பிள்ளைகள் அங்கெல்லாம் கணிசமாகப் போகிறார்கள். திறந்த பல்கலைக்கழகம் சமூக விஞ்ஞானத்தில் கலைமாணிப் பட்டத்தைத் தமிழிலும் நடத்துகிறது, ஹட்டனிலேயே அதன் கற்கை நிலையம் இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஆசிரியருக்கும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் பெண்ணுக்கும் அது பெரிய ஆறுதல். 1952இல் தொடங்கிய சமூகப்பணி நிறுவகம் இன்று தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகமாக இயங்கி, 2005 முதல் சமூகப்பணிமாணிப் பட்டம் வழங்குகிறது; அதில் களப்பயிற்சி கட்டாயம். மலையகத்துக்கு மிகவும் பொருந்திய பட்டம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் பாடசாலைகளில் உயர்தரப் பிள்ளைகளிடம் அதன் பெயரைச் சொன்னால் விழிக்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் அரச பல்கலைக்கழகம் ஒன்றுகூட இல்லை. பக்கத்து பதுளையில் 2005இல் வந்த ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம் இல்லை. மலையகப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக இருக்கிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கட்டடம் வந்தபின் அதற்குள் என்ன கற்பிப்பது என்பதை இப்போதே பேசத் தொடங்க வேண்டும் என்பதே என் கவலை.

வேறு நாடுகள் இதை எப்படிப் பார்க்கின்றன? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இளமாணிப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். எண் நம்முடையதைப் போலவே இருந்தாலும் அமைப்பு வேறு. அங்கே இரசாயனம் படிப்பவரும் கணினி படிப்பவரும் பொதுக்கல்வியின் பகுதியாக, பெரும்பாலும் 6 முதல் 9 கிரெடிட் வரை, சமூக, நடத்தை விஞ்ஞானங்களில் எடுத்தாக வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, சமகால நாகரிகம் என்ற ஒரு பாடத்தை எல்லா மாணவருக்கும் பொதுவாக வைத்தது இந்த வழக்கத்தின் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று. மனிதர்கள் ஏன் சேர்கிறார்கள், ஏன் மோதுகிறார்கள் என்பது எல்லாத் தொழிலுக்கும் தேவையான அறிவு என்று அவர்கள் கருதினார்கள். இந்தியாவில் 1936இல் மும்பையில் தொடங்கிய டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் களப்பணியைப் படிப்பின் முதுகெலும்பாக வைத்தது.

இதை நம் மலைக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். தோட்டத்தில் ஆயிரம் பேரின் நாளைத் தீர்மானிக்கிறவர் முகாமையாளர். அவர் விவசாயமோ முகாமைத்துவமோ படித்திருப்பார். சமூகவியல் படித்திருக்க மாட்டார். தோட்ட வைத்தியசாலையில் இருக்கும் உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர், பிரதேச செயலகத்து அபிவிருத்தி உத்தியோகத்தர், பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதுகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். சமூக விஞ்ஞானம் கலைப்பிரிவுப் பிள்ளைகளின் தலையில் மட்டும் கட்டிவிடும் பாடமாக இருக்கும் வரை, தோட்டத்தைப் பற்றித் தீர்மானம் எடுக்கிறவர்களுக்குத் தோட்டத்து மனிதரைத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையே இருக்காது. இலங்கையின் எல்லாப் பட்டங்களிலும், விவசாயத்திலும் மருத்துவத்திலும் முகாமைத்துவத்திலும், 6 கிரெடிட்டாவது சமூக, நடத்தை விஞ்ஞானம் கட்டாயமாக வேண்டும்.

நடத்தை விஞ்ஞானம் என்றதும் உளவியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாராயம், தற்கொலை முயற்சி, கொழும்புக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், வெளிநாடு போன தாய் இல்லாத வீடுகள் என்று மலையகத்தில் உளவியலாளருக்கு வேலை நிறைய இருக்கிறது. அந்த வேலையைச் செய்ய உளவியல் தெரிந்தால் மட்டும் போதாது, காதும் பழக வேண்டும். எங்கள் பகுதியில் மனச்சோர்வு என்று யாரும் சொல்வதில்லை. “நெஞ்ச அடைக்குது”, “மனசு ஒரு நெலையில இல்ல”, “கையிகாலு வேலைக்கே வரமாட்டேங்குது” என்பார்கள். ஆங்கில அளவுகோலைச் செந்தமிழில் பெயர்த்து, ‘கடந்த இரு வாரங்களில் நாட்டமின்மையை உணர்ந்தீர்களா’ என்று கேட்டால், இல்லை என்றுதான் பதில் வரும். கேட்டவர் அதைச் சுகம் என்று குறித்துக்கொள்வார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாமல் இரண்டு நாள் காம்பராவிலேயே படுத்திருந்தவரை ‘சோம்பல்’ என்று எழுதிய அறிக்கையை நானே வாசித்திருக்கிறேன். யார் எழுதியது என்பது இங்கே தேவையில்லை. அவருக்குப் பட்டம் இருந்தது, உளவியலில் கிரெடிட்டும் இருந்தது.

நிபந்தனைப் பட்டியலில் நன்னெறி என்ற ஒரு பகுதி இப்போது பரவலாக வந்திருக்கிறது. பதிலளிப்பவரின் சம்மதம் பெற வேண்டும், பெயரை மறைக்க வேண்டும். நல்லது. ஆனால் தோட்டத்தில் சம்மதம் என்பது ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போன பிறகும், அதற்கு முன்னும், வெளியாள் லயத்துக்குள் போக வேண்டுமென்றால் துரையின் அனுமதி வேண்டும். துரை அனுமதித்து, நலன்புரி உத்தியோகத்தரான வெல்பெயார் ஐயா கூட்டிக்கொண்டு வந்து, சங்கத் தலைவர் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தொழிலாளி எப்படி ‘மாட்டேன்’ என்பார்? ‘கிலோ கூட கேட்கிறார்களா’ என்ற கேள்விக்கு எப்படி உண்மையான பதில் சொல்வார்? நான் அன்று அந்த அம்மாவிடம் தனியாகப் பேச முடிந்தது, அவர் என் அத்தையின் ஊர்க்காரர் என்பதால். அந்த உறவும்கூட அவர் மறுக்க முடியாத ஒரு நெருக்குதல்தான் என்று பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. உள்ளூர்ப் பிள்ளை ஆய்வு செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். உறவுக்குள்ளிருந்து கேள்வி கேட்பது எப்படி என்பதற்கும் பயிற்சி தேவை, அது முறையியல் பாடத்தில் ஒரு முழு அத்தியாயம்.

எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து, 2023இல் ‘மலையகம் 200’ என்று எங்கள் மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடையில் எத்தனையோ இளம் பட்டதாரிகள் இருந்தார்கள். தம் வரலாற்றைத் தாமே எழுத வேண்டும் என்ற தாகம் அவர்களிடம் இருக்கிறது. இறம்பொடைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றே அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே போனால் தகர விளக்கும் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் இருக்கின்றன. அந்தக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு செக்ரோல் பிரதியை வைத்துக்கொண்டு ஒரு நாள் வகுப்பு நடத்தினால், வருமானம் என்ற மாறியை எப்படி அளப்பது என்பது யாருக்கும் மறக்காது.

ஒவ்வொரு வருடமும் மலையகத்து மாணவர்கள் தோட்டத்தைப் பற்றி எழுதும் ஆய்வேடுகள் துறை அலுவலக அலுமாரிகளில் அடுக்கி வைக்கப்பட்டு, புள்ளி போட்டு முடிந்ததும் மறக்கப்படுகின்றன. இரண்டு பிரதி கூடுதலாக எடுப்பதற்குப் பெரிய செலவில்லை. ஒன்று ஹட்டன் கற்கை நிலையத்துக்கு, ஒன்று பத்தனைக் கல்வியியற் கல்லூரி நூலகத்துக்கு. பட்டம் வழங்கும் முன் இதையும் நிபந்தனையில் சேர்க்கலாம். என் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், அந்தக் கள அனுபவத்துக்குப் பிறகு திருத்திய 7ஆவது கேள்வி இருக்கிறது, அடுத்து எழுதுகிறவர் அதிலிருந்து தொடங்கட்டும்: “போன மாசம் எத்தன பேர் விழுந்திச்சி? அதுல அரப்பேரு எத்தன? கழிவு போக கைக்கு வந்தது எவ்வளவு, அத யாரு வாங்குனாங்க?”